வெப்பம் உயர்த்தித் தரக் கோரும் மனு

வெண்ணந்தூருக்குத் தெற்கே நாச்சிமுத்துவின் கோழிக்கொட்டகைக்கும் அவருடைய பங்காளி ராசப்பனின் கோழிக்கொட்டகைக்கும் நடுவே இருபதடி இடம் இருக்கிறது. அதில் ஒரு கம்பிவேலி, ஒரு வேப்பமரம், கொஞ்சம் கோரைப்புல். அந்த இருபதடிக்குள்தான் உலகின் இரண்டு காலநிலைகள் பிரிகின்றன என்ற செய்தி, பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சேலத்திலிருந்து ஜீப்பில் வந்து சேர்ந்தது.

ஜீப்பில் வந்தவர்கள் இரண்டு தகரப் பலகைகளை இறக்கினார்கள். ராசப்பனின் வாசலில் நட்ட பலகை சிவப்பு. ‘இக்கட்டத்தின் உணர்திறன் 5.3’ என்று எழுதியிருந்தது. நாச்சிமுத்துவின் வாசலில் நட்டது வெளிர்நீலம். அதில் 1.9. ராசப்பனின் பலகைக்கு இரண்டு கால்கள். நாச்சிமுத்துவின் பலகைக்கு ஒரு கால்.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. ஆனால் ஐந்து சொச்சம் இரண்டைவிடப் பெரியது என்பது தெரியும். அவர் ராசப்பனைவிட ஆறு மாதம் மூத்தவர் என்பதும் தெரியும். அப்பன்மார் பாகம் பிரித்தபோது தென்னை மரங்களை எண்ணி, ஒற்றைப்படையாக மிஞ்சிய ஒரு மரத்தை வெட்டி, ஆளுக்குப் பாதித் தடியாக எடுத்துக்கொண்ட குடும்பம் அது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்ததில்லை.

பலகையோடு ஒரு கடிதமும் கொடுத்திருந்தார்கள். உணர்திறன் நான்குக்கு மேல் உள்ள கட்டங்களில் இருக்கும் கொட்டகைகளுக்குக் கோடைக்குள் குளிர்விப்பு அமைப்பு பொருத்தித் தரப்படும் என்று அதில் இருந்தது. நாச்சிமுத்து அதை நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தார். போன மே மாதம் அவருடைய எட்டாயிரம் முட்டைக்கோழிகளில் ஆயிரத்து நூறு செத்தன. வேலிக்கு அந்தப்பக்கமும் எட்டாயிரம்தான். அங்கே ஆயிரத்து நூற்று நாற்பது செத்தன. அந்தக் கூடுதல் நாற்பதுதான் போன வருடம் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். இந்த வருடம் அதுவும் இருக்காது போலிருந்தது.

ஒரே வாரத்தில் ஊர் அந்த எண்ணுக்குப் பழகிவிட்டது. ராசிபுரத்தில் உறவுக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழாவில் ராசப்பனை முன்வரிசையில் உட்காரவைத்து, அஞ்சு புள்ளி மூணு என்றால் என்ன செய்யும் என்று விசாரித்தார்கள். ராசப்பனுக்கும் தெரியாது. ஆனால் பெரிய எண் கிடைத்தவனுக்குரிய நிதானத்தோடு, போகப்போகத் தெரியும் என்று சொன்னார். பின்வரிசையில் இருந்த நாச்சிமுத்துவிடம் யாரோ அனுதாபமாக, “உங்களுக்கும் ஒண்ணுக்கு மேல சொச்சம் இருக்குதல்லங்க” என்றார்கள். அவர் பாயசத்தைத் தொடவில்லை.

மறுநாள் காலை அவர் சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

காலநிலை மாதிரிகள் ஒப்பீட்டு மண்டல மையம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில், ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான ஒரே கூடம். முப்பத்தோரு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் எண்பலகை. வாசலுக்கு நேரே கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, இரண்டு தொலைபேசி. அங்கிருந்து எண்கள் இறங்கிக்கொண்டே போய், கூடத்தின் கோடியில், தண்ணீர் கேனுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் இடையே ஒரு மர ஸ்டூலில் முடிந்தன. அங்கே 1.9 என்ற பலகைக்குப் பின்னால் குணசீலன் என்பவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தண்ணீர் குடிக்க வருபவர்கள் அவர் மேசையில்தான் டம்ளரை வைத்துவிட்டுப் போவார்கள்.

தன்னைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார் என்பதை நம்பவே குணசீலனுக்குச் சற்று நேரம் பிடித்தது. நம்பியதும், அவர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார்.

உலகத்தில் பல நாடுகளின் விஞ்ஞானிகள் கணினிக்குள் ஆளுக்கொரு பூமியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் மாதிரி என்று பெயர். காற்றையும் கடலையும் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பம், ஒரு காற்று, ஓர் ஈரம் என்று கொடுத்துவிடுவார்கள். பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு சூடு போகும், எவ்வளவு ஈரம் வரும் என்பதை இயற்பியல் விதிப்படி கணக்கிட்டு, அரை மணி அரை மணியாக நூறு வருடத்தை ஓட்டுவார்கள். பிறகு எல்லாப் பூமிகளுக்கும் ஒரே கேள்வியை வைப்பார்கள். காற்றில் உள்ள கரியமில வாயுவை இரண்டு மடங்காக்கினால், எல்லாம் அடங்கி ஒரு நிலைக்கு வந்த பிறகு, நீ எத்தனை டிகிரி சூடாகியிருப்பாய்? அந்த விடைதான் உணர்திறன். ஒரு பூமி இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சொல்கிறது. ஒரு பூமி ஐந்துக்கு மேல் சொல்கிறது. மற்றவை நடுவில்.

“ஒரே தீவனத்த முப்பத்தோரு இனக் கோழிக்குப் போட்டு, எது எவ்வளவு எடை ஏறுதுன்னு பாப்பீங்கல்ல, அதேதாங்க” என்றார் குணசீலன்.

நாச்சிமுத்துவுக்கு உடனே பிடிபட்டது. “தீவனம் ஒண்ணுதான்னா ஏனுங்க இத்தனை ஏத்த எறக்கம்?”

மேகம், என்றார் குணசீலன். கணினிப் பூமியில் ஒரு கட்டம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் அகலம். சேலம், ராசிபுரம், நாமக்கல் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மேகமோ ஒரு சோளக்காட்டின் மேல் நின்றுவிட்டுப் போகிறது. அத்தனை சின்னது அந்தக் கட்டத்துக்குள் தெரியாது. ஆகவே இன்ன ஈரத்துக்கு இவ்வளவு மேகம் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு விதி எழுதிவைத்திருக்கிறது. தாழ்வாகப் போகும் வெள்ளை மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும். பூமி சூடாகும்போது அந்த மேகம் மெலிந்துபோகும் என்று சில விதிகள் சொல்கின்றன. மேகம் மெலிந்தால் வெயில் கூடும், வெயில் கூடினால் மேகம் இன்னும் மெலியும். அந்தப் பூமி ஐந்தைத் தாண்டும். மேகம் அவ்வளவாகக் கலையாது என்று எழுதிய பூமி இரண்டுக்குள் நிற்கும்.

“அப்ப மேகத்தெச் செரியாப் பாத்து எழுதுனவிய யாருங்க?”

குணசீலன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியை இந்தக் கட்டடத்தில் கேட்பதில்லை என்றார்.

அவர் மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னார். அந்த எண் உலகம் முழுவதற்குமான சராசரி. ஓர் ஊருக்கு ஒரு மாதிரி என்று பங்கு போடுவதற்கு அதில் இடமே இல்லை. ஆனால் மையம் தொடங்கிய நாளில் எந்த அதிகாரிக்கும் மனக்குறை வரக்கூடாது என்று மண்டலத்தை முப்பத்தோரு துண்டாக்கி, சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு மாதிரியும் ஒரு துண்டும் கொடுத்து, அந்தத் துண்டுக்கும் கட்டம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உணர்திறன் உலகத்துக்கானது என்று குணசீலன் ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லிப் பார்த்தார். அப்படியானால் வெண்ணந்தூர் உலகத்துக்கு வெளியே இருக்கிறதா என்று இயக்குநர் கேட்டார். ‘அதிகாரி குணசீலன் வெண்ணந்தூரை உலகத்திலிருந்து நீக்க முயன்றார்’ என்று கூட்டக் குறிப்பில் பதிவாகிவிட்டது.

இவ்வளவும் சொல்லும்போது குணசீலனின் கண் கூடத்தின் மறுகோடியில் இருந்த கண்ணாடி அறையை விட்டு நகரவில்லை. அங்கே 5.3க்குப் பொறுப்பான சரவணக்குமார் ஒரு நிருபருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வாரம் ரெண்டு பேட்டிங்க” என்றார் குணசீலன். “அவரு பண்ணுனது என்ன? ஒண்ணுமில்ல. எங்கயோ ஒரு நாட்டுல எவரோ எழுதுன மேகம். சீட்டுல இவருக்கு வந்துச்சு. எனக்கு வந்தது பொறுமையான பூமிங்க. பொறுமைக்கு இங்க நாற்காலி போட மாட்டாங்க.”

நாச்சிமுத்து அவரைப் புதிய மரியாதையோடு பார்த்தார். ஒரே நோய் கண்ட இரண்டு பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்தித்ததுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து மனுவை எழுதிவிட்டார்கள். பொருள்: வெப்பம் உயர்த்தித் தரக் கோருதல். வேண்டுகோள்: மனுதாரரின் கொட்டகைக்கும் பக்கத்துக் கொட்டகைக்கும் உள்ள வித்தியாசமான 3.4 டிகிரியை மனுதாரருக்கும் வழங்கி உதவ வேண்டும்.

இயக்குநர் நவநீதகிருஷ்ணன் மனுவை வாங்கி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, குடிமகன் ஒருவர் நேரில் வந்த மகிழ்ச்சியில், மேடையில் நிற்பதுபோலப் பேசினார்.

“ஐயா, ஒப்பீடு வேறு, தீர்ப்பு வேறு. எது சரியான மாதிரி என்று சொல்லிவிட்டால் ஒப்பீடு முடிந்துவிடும். ஒப்பீடு முடிந்தால் மையம் முடிந்துவிடும். மையம் இல்லாவிட்டால் காலநிலையை யார் பார்த்துக்கொள்வது? பதினான்கு ஆண்டுகளாக நாங்கள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஒரு முடிவுக்கும் வராமல் இருப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.”

நாச்சிமுத்து மஞ்சள் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து மேசைமேல் வைத்தார். கொட்டகையில் தொங்குவது. வேலிக்கு இந்தப்பக்கமும், ராசப்பன் சந்தைக்குப் போயிருந்தபோது அந்தப்பக்கமும் பிடித்துப் பார்த்ததாகவும், இரண்டு பக்கமும் ஒரே சூடுதான் என்றும் சொன்னார்.

இயக்குநர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். “இது எந்த ஆண்டைக் காட்டுகிறது?”

“இன்னைக்குங்க.”

“இன்று எங்கள் வரம்பில் வராது. எங்கள் வரம்பு இரண்டாயிரத்து எழுபதில் தொடங்குகிறது. மேலும் இது மாதிரி இல்லை. மாதிரியைத்தான் மாதிரியோடு ஒப்பிட முடியும். இதை எதோடு ஒப்பிடுவது?”

இருந்தாலும் மனு முறையாக வந்துவிட்டதால் களஆய்வுக்கு உத்தரவானது.

மார்ச் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் குணசீலனும் சரவணக்குமாரும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். சரவணக்குமார் முன்னால், குணசீலன் பின்னால், வரைபடக் குழாயோடு. கோழிக்கொட்டகைகளை நீளவாக்கில் கிழக்கு மேற்காகக் கட்டுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் உள்ளே அடிக்காது. நாச்சிமுத்துவின் கொட்டகை மேற்கே, ராசப்பனின் கொட்டகை கிழக்கே, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. வரைபடத்தில் தெற்கு வடக்காக இறங்கிய பென்சில் கோடு நடுவில் இருந்த இருபதடியில் விழவேண்டும். அளந்து பார்த்ததில், பென்சில் கூர்மழுங்கியிருந்ததால், கோட்டின் அகலமே தரையில் எண்பதடி வந்தது. அதன்படி நாச்சிமுத்துவின் முதல் மூன்று கூண்டு வரிசைகளும் ராசப்பனின் தீவனக் கிடங்கும் எந்தக் காலநிலையிலும் சேராமல் கோட்டுக்குள் நின்றன. கோட்டுக்குள் இருக்கும் கோழிகள் 2070இல் என்ன செய்யும் என்று ராசப்பன் கவலையோடு கேட்டார். அது தனிக் கோப்பு என்றார் சரவணக்குமார்.

அந்த நேரம் பார்த்து வேப்பமரத்துக்கு நேர் மேலே ஒரு சிறிய வெள்ளை மேகம் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகளும் ஒரே சமயத்தில் அண்ணாந்தார்கள்.

“மெலியுது” என்றார் சரவணக்குமார்.

“நிக்குது” என்றார் குணசீலன்.

“தெக்கால ஓரம் பாருங்க, கரையுது.”

“ஓரம் கரையறது உங்க கண்ணாடிங்க. தொடைச்சுட்டுப் பாருங்க.”

பங்காளிகள் இருவரும் தங்கள் தங்கள் அதிகாரியின் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக நாச்சிமுத்து ஒரு மேகம் கலையாமல் இருக்க... இல்லை, கலைய வேண்டும் என்று நினைத்தார். பிறகு தன் அதிகாரியின் கட்சி எது என்று குழம்பி, மனைவி பூவாத்தாளைப் பார்த்தார். அவர் முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்குப் பிறகு மேகம் யாருக்கும் சாதகமில்லாமல் முழுசாக நகர்ந்து ராசிபுரம் பக்கம் போய்விட்டது. அது வேறோர் அதிகாரியின் கட்டம். இருவரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள்.

முடிவை அறிவிக்க இயக்குநரே வந்தார். இருபதடி இடத்தில் சாமியானா போட்டு, இரண்டு நாற்காலிகள் மட்டும் வைத்தார்கள்.

“இந்த மனுவை ஆராய்ந்ததில் ஒன்று புலப்பட்டது” என்றார் இயக்குநர். “ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்றால் பொறாமை வரும். பொறாமை எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரியும். போன வாரம்தான் பக்கத்து மண்டல இயக்குநரின் அறைக்குப் போயிருந்தேன். அவருடைய நாற்காலியின் முதுகு என்னுடையதைவிட நான்கு விரல் உயரம். மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. ஆகவே, பல மாதிரிகள் முரண்படும்போது உலகம் முழுக்கச் செய்வதை நாமும் செய்கிறோம். சராசரி எடுக்கிறோம்.”

ஐந்து புள்ளி மூன்றையும் ஒன்று புள்ளி ஒன்பதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மூன்று புள்ளி ஆறு. அது நான்குக்குக் கீழே. விதிப்படி இருவருக்குமே ஒன்றும் கிடையாது. ஆனால் ராசப்பனுக்கான குளிர்விப்பு அமைப்பு ஏற்கனவே லாரியில் ஏறிவிட்டது. அதைத் திருப்பி இறக்க விதி இல்லை. எனவே அமைப்பையும் சராசரி செய்தார்கள். லாரியிலிருந்து இறங்கிய சாமான்களை இரண்டு குவியலாக்கி, எடை பார்த்து, ராசப்பனுக்கு ஈரத்தட்டிகள், தண்ணீர்க் குழாய், மோட்டார்; நாச்சிமுத்துவுக்கு ஆறு பெரிய விசிறிகள், சுவிட்சுப் பலகை என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கொட்டகையின் இரண்டு பக்கமும் படுதாவால் மூடி அதை ஒரு நீளமான பெட்டிபோல் ஆக்கிவிடுவார்கள். ஒரு முனையில் தேன்கூடுபோல் மடித்த கெட்டி அட்டைத் தட்டிகள். அவற்றின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மறுமுனையில் விசிறிகள், அவை உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். உள்ளே காற்று குறைவதால், வெளிக்காற்று தட்டி வழியாகத்தான் புகுந்தாக வேண்டும். புகும்போது தண்ணீரை ஆவியாக்கும். ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைக் காற்று தன்னிடமிருந்தே கொடுப்பதால் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்துவிடும். தட்டியும் விசிறியும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

நாச்சிமுத்துவுக்கு இது புரிந்தது. புரிந்தும், அன்று சாயங்காலம் அவர் முகம் மலர்ந்திருந்தது. தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டார்.

“அவியளுக்குப் பாதி போனதுல, உங்களுக்கு முழுசும் வந்தாப்பல சிரிக்கறீங்க” என்றார் பூவாத்தாள். “கோழி யாரெப் பாத்துச் சிரிக்கும்?”

ஏப்ரல் கடைசியில் வெயில் நாற்பத்திரண்டைத் தொட்டது. கோழியின் உடம்புச் சூடே நாற்பத்தொன்று. அதற்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். தன் உடம்பைவிடச் சூடான காற்றை விசிறி அதன்மேல் அடித்தால் உலைக்கு ஊதுவதுபோலத்தான். நாச்சிமுத்துவின் ஆறு விசிறிகளும் அதைச் செய்தன. வேலிக்கு அந்தப்பக்கம் ராசப்பன் தட்டியில் தண்ணீர் ஓடவிட்டார். இழுப்பதற்கு விசிறி இல்லாததால் ஈரம் உள்ளேயே தங்கி, கொட்டகை இட்லிப் பானையானது. ஈரக்காற்றில் இளைத்தும் பயனில்லை. முதல் நாள் இந்தப்பக்கம் அறுபது, அந்தப்பக்கம் எழுபது. இரண்டாம் நாள் இந்தப்பக்கம் நூற்றுப் பத்து. இப்படியே ஏறிக்கொண்டு போனால் மே முடிவதற்குள் கூண்டுகள் காலியாகிவிடும் என்று பூவாத்தாள் சொன்னார். இருவரும் சேர்ந்து யோசித்தால் என்ன என்றும் சொன்னார். மூத்தவன் போய்க் கேட்பதா என்றார் நாச்சிமுத்து. இளையவன்தான் வந்து கேட்கவேண்டுமா, ஆறு மாதம்தானே வித்தியாசம் என்றார் பூவாத்தாள். அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, அந்தப்பக்கம் எத்தனை செத்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் நாச்சிமுத்துவால் இருக்க முடியவில்லை. வெளியே போய் எட்டிப் பார்ப்பது கௌரவக் குறைவு. விசிறிகள் மேற்கு முனையில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கிழக்கு முனைக்குப் போய், படுதாவைக் கணுக்கால் உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து பார்த்தார். அதே நேரத்தில் ராசப்பனும் தன் மேற்கு முனையில் படுதாவைத் தூக்கிக் குனிந்திருந்தார். அவரும் எண்ணத்தான் வந்திருந்தார்.

இருவரும் அப்படியே நின்றார்கள். ராசப்பனின் படுதா மெதுவாக உப்பி நாச்சிமுத்துவின் பக்கமாகச் சாய்ந்தது. அவருடைய கொட்டகையில் தேங்கிக் கிடந்த காற்று, திறப்பைக் கண்டு வெளியே வந்து, இருபதடி தாண்டி, நாச்சிமுத்துவின் முகத்தில் பட்டது. முதலில் வெக்கை; பின்னாலேயே ஈரத்தட்டி வழியாகப் புகுந்த புதுக்காற்று சில்லென்று வந்தது.



“என்ற கொட்டாயில இருந்துதான் காத்து வருதுங்ணா” என்றார் ராசப்பன்.

“இழுக்கறது என்ற ஃபேனு.”

“ஃபேனெ நிறுத்திப்போட்டு இழுங்க பாக்கலாம்.”

“தண்ணியெ நிறுத்திப்போட்டு அனுப்பு பாக்கலாம்.”

உள்ளே ஒரு கோழி கூண்டுக்கம்பியில் தலையைச் சாய்த்தது. ராசப்பன் அதைத் திரும்பிப் பார்த்தார். “லாரித் தார்ப்பாய் ரெண்டு கெடக்குதுங்ணா” என்றார், பக்கத்தில் யாரிடமோ சொல்வதுபோல.

“எங்கிட்ட மூணு கெடக்குது” என்றார் நாச்சிமுத்து.

வேலியை அறுத்து, மூங்கில் ஊன்றி, ஐந்து தார்ப்பாய்களையும் போர்த்தி இரண்டு கொட்டகைக்கும் நடுவே ஒரு குகை கட்டினார்கள். வேப்பமரத்தின் அடிமரம் அந்தக் குகைக்குள்ளேயே நின்றது. தட்டியில் தண்ணீர், மேற்கே விசிறி. காற்று கிழக்கே புகுந்து, பதினாறாயிரத்தில் மிஞ்சிய கோழிகளைக் கடந்து, மேற்கே வெளியேறியது. மறுநாள் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது கோழிதான் செத்தது. அதற்கடுத்த நாள் மூன்று. கூண்டுகளில் மறுபடி முட்டை உருண்டது. பூவாத்தாளும் ராசப்பனின் மனைவி பொன்னாயியும் குகையின் நடுவில் கட்டில் போட்டு உட்கார்ந்து முட்டை பொறுக்கினார்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு வாரம் நிம்மதி இருந்தது. எட்டாம் நாள் அவர் குகை வழியே ராசப்பனின் பக்கம் போனார். அங்கே கை ரோமம் சிலிர்த்தது. திரும்பித் தன் பக்கம் வந்தார். அக்குளில் கசகசத்தது. காரணம் எளியது. காற்று முதலில் ராசப்பனின் கோழிகளைத் தொட்டு, அவற்றின் சூட்டை வாங்கிக்கொண்டுதான் இவருடைய கோழிகளிடம் வருகிறது. போகப் போகச் சூடு ஏறும். எந்தக் குற்றமும் யார்மேலும் இல்லை. இது தெரிந்த பிறகு அவருக்கு முட்டையின் எண்ணிக்கை காதில் ஏறவில்லை.

மே மாதம் பத்தாம் தேதி, வழங்கிய சாமான்கள் உபயோகத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கக் குணசீலன் மட்டும் வந்தார். சரவணக்குமார் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். இந்த முறை குணசீலனிடம் மையத்தின் முத்திரை பதித்த வெப்பமானி இருந்தது. முத்திரை இருப்பதால் அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதலாம்.

முதலில் ராசப்பனின் கட்டத்தில் பிடித்தார். இருபத்தொன்பது புள்ளி எட்டு. பிறகு நாச்சிமுத்துவின் கட்டத்தில், விசிறிக்குப் பக்கத்தில் பிடித்தார். முப்பத்து மூன்று புள்ளி இரண்டு. குணசீலன் கழித்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை கழித்தார். மூன்றாம் முறை விரல்விட்டுக் கழித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மூணு புள்ளி நாலுங்க. சரவணக்குமாரோட கட்டத்தைவிட நம்ம கட்டம் மூணு புள்ளி நாலு கூட. நாளைக்குக் காலையில அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள போய் நின்னு படிச்சுக் காட்டப்போறன்.”

இரண்டு கொட்டகையையும் சேர்த்துக் கட்டியது தவறில்லையா என்று ராசப்பன் கேட்டார். ஒரு மாதிரியின் காற்று இன்னொரு மாதிரிக்குள் போவதை விதி தடுக்கவில்லை, ஏனென்றால் அப்படி நடக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை என்றார் குணசீலன். அவர் பதிவேட்டைத் திறந்து, அழகான எழுத்தில் எழுதி, நாச்சிமுத்துவுக்கு வாசித்துக் காட்டினார்.

“மனுதாரர் கோரிய 3.4 டிகிரி வெப்பம், பக்கத்துக் கட்டத்தைவிடக் கூடுதலாக, களத்தில் வழங்கப்பட்டது கண்டறியப்பட்டது. மனு முடித்துவைக்கப்படுகிறது.” கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்.

நாச்சிமுத்து பேனாவை வாங்கவில்லை. முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. எதிரே பத்தடியில், தன் பக்கத்துக் குளிரிலிருந்து வந்திருந்த ராசப்பன் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு சுகமாக நின்றார்.

“ஏனுங்க, இதெத் திருப்பிக் குடுக்கறதுக்கு எந்த ஃபாரமுங்க எழுதோணும்?”

குணசீலன் யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் ராசப்பன் கிட்டே வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். ‘கூடுதலாக’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“மூணு புள்ளி நாலு அண்ணனுக்கு மட்டுமுங்களா?” என்றார் குணசீலனைப் பார்த்து. “நான் என்னுங்க பாவம் பண்ணுனன்?”

நாச்சிமுத்து பங்காளியின் முகத்தை நன்றாகப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தார். பிறகு பேனாவை வாங்கி, முழுப்பெயரையும் அப்பன் பெயரையும் சேர்த்து, அவசரமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.